மீட்டரில் 18.7 வோல்ட் காட்டியும் சார்ஜர் ஏற்க மறுக்கிறது: டிரில் பேட்டரி 14 மாதத்தில் போனது ஏன்?

திருச்சி மரவேலை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். திருச்சியில் வீடுகளுக்கு அலமாரி, கட்டில், கதவு முதலியவற்றைச் செய்து பொருத்தித் தரும் சிறு பட்டறை வைத்திருக்கிறேன். சென்ற ஆண்டு பிப்ரவரியில் 18 வோல்ட் கம்பியில்லா டிரில் ஒன்றை இரண்டு பேட்டரிகளுடன் வாங்கினேன். இரண்டும் 2 ஆம்பியர்-மணி கொள்ளளவு கொண்டவை. இந்த ஏப்ரலோடு 14 மாதங்கள் ஆகின்றன. கருவி புதியது போலவே ஓடுகிறது, ஆனால் பேட்டரிகள் இரண்டும் என்னைக் கைவிட்டுவிட்டன.

முதல் பேட்டரியைச் சார்ஜரில் செருகினால் சிவப்பும் பச்சையும் மாறி மாறி மின்னுகின்றன. மின்னேற்றம் தொடங்குவதே இல்லை. பேட்டரி செத்துவிட்டது என்று எண்ணி மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 18.7 வோல்ட் காட்டுகிறது. மேலே ஒட்டியிருக்கும் தாளிலும் 18 வோல்ட் என்றுதான் இருக்கிறது. அப்படியானால் சார்ஜர் எதை வைத்து அதை மறுக்கிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

இரண்டாவது பேட்டரி முழுதாக ஏறுகிறது, ஸ்க்ரூ முடுக்குவதற்கும் சிறு துளைகள் போடுவதற்கும் ஒத்துழைக்கிறது. ஆனால் கதவுப் பூட்டுக்கு ஹோல் சா (பெரிய வட்டத் துளை வெட்டும் ரம்பம்) மாட்டி அழுத்தினால் நான்கைந்து நொடிகளில் கருவி நின்றுவிடுகிறது. விசையை விட்டு மறுபடி அழுத்தினால் ஓடுகிறது, மறுபடி நிற்கிறது.

என் பழக்கங்களையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர், பேட்டரியை முற்றிலும் காலியாக்காமல் சார்ஜ் போடவே கூடாது என்பார். அதனால் மாலையில் மிச்சம் இருந்தால் கருவியை வெறுமனே ஓடவிட்டுத் தீர்த்த பிறகே சார்ஜரில் செருகுவேன், அது விடியும்வரை அங்கேயே கிடக்கும். பட்டறைக்குத் தகரக் கூரை; சார்ஜர் இருக்கும் பலகை அந்தக் கூரைக்கு இரண்டடி கீழே இருக்கிறது.

பேட்டரிக்கான உத்தரவாதம் ஆறு மாதத்தோடு முடிந்துவிட்டது. புதிய பேட்டரி ஒன்றின் விலை, நான் டிரிலும் பெட்டியுமாகக் கொடுத்த தொகையில் பாதியை நெருங்குகிறது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு உள்ளே இருக்கும் செல்களை மாற்றித் தருவதாக ஒரு கடையில் சொல்கிறார்கள். மாற்றலாமா, புதிது வாங்கலாமா, அல்லது பேசாமல் கம்பி போட்ட டிரிலுக்கே திரும்பிவிடலாமா? நான் செய்த தவறு என்ன என்பதையும் அறிய விரும்புகிறேன்.

---

கோவை கருவிப் பழுது

நண்பரே, கேள்வியை இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. எங்கள் கடைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் "சார்ஜ் நிற்கவில்லை" என்ற இரண்டு சொற்களுக்கு மேல் எதுவும் சொல்வதில்லை.

18 வோல்ட் பேட்டரி என்பது ஒரே பொருள் அல்ல. அதற்குள்ளே விரல் போன்ற லித்தியம் அயன் செல்கள் ஐந்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டிருக்கின்றன. உங்களுடைய 2 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பவை அநேகமாக 18650 என்று சொல்லப்படும் செல்களாக இருக்கும். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதால்தான் அந்தப் பெயர். ஒவ்வொன்றின் பெயரளவு மின்னழுத்தம் 3.6 வோல்ட், ஐந்து சேர்ந்தால் 18. ஆனால் முழுதாக ஏறிய செல் ஒன்று 4.2 வோல்ட் காட்டும் என்பதால் நிறைந்த பேட்டரி 21 வோல்ட் வரை காட்ட வேண்டும். சந்தையில் 18, 20, 21 என்று மூன்று வகையாக எழுதி விற்கப்படுவதெல்லாம் பெரும்பாலும் இதே ஐந்து செல்கள்தான். ஒருவர் பெயரளவை எழுதுகிறார், மற்றவர் உச்சத்தை எழுதுகிறார். (48, 88 என்றெல்லாம் எழுதி விற்கும் மலிவுப் பெட்டிகளையும் திறந்திருக்கிறேன். அவற்றிலும் ஐந்துதான் இருந்தன.)

ஆகவே 18.7 என்ற மொத்தக் கணக்கு எதையும் நிரூபிக்காது. நான்கு மாணவர்கள் நல்ல மதிப்பெண் வாங்கி ஒருவன் தோற்றாலும் வகுப்பின் சராசரி நன்றாகவே தெரியும். உறுதியாகச் சொல்ல வேண்டுமென்றால் ஐந்து செல்களையும் தனித்தனியே அளந்தாக வேண்டும்.

பெட்டியின் அடியில் நட்சத்திரத் தலை கொண்ட ஸ்க்ரூக்கள் இருக்கும். திறப்பதற்கு முன்பு விரலில் மோதிரம், கையில் காப்பு, கடிகாரம் இருந்தால் கழற்றி வையுங்கள். இந்தச் செல்களின் இரு முனைகளும் உலோகத்தால் இணைந்துவிட்டால் அந்த உலோகம் நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். மரத்தூள் இல்லாத இடத்தில், சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து செய்யுங்கள். செல்களை இணைக்கும் நிக்கல் பட்டைகளின் மேல் மீட்டரின் முனைகளை வைத்து ஒவ்வொரு செல்லாக அளந்து எழுதுங்கள். எதையும் பிரிக்கவோ பற்றவைக்கவோ வேண்டாம்.

---

திருச்சி மரவேலை

அளந்துவிட்டேன் ஐயா. முதல் பேட்டரியில் வரிசையாக 4.02, 4.03, 4.01, 4.03, 2.61. கூட்டிப் பார்த்தால் நீங்கள் சொன்னது போலவே சரியாக 18.70 வருகிறது.

இரண்டாவது பேட்டரி முழுதாக ஏறிய நிலையில் மொத்தம் 20.8 வோல்ட், செல்களுக்குள் வேறுபாடு ஏதும் இல்லை. ஹோல் சா ஓடும்போது என் மகன் மீட்டரைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். அழுத்தியவுடன் 15 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதாகவும், கருவி நின்றவுடன் மீண்டும் 20க்கு மேல் ஏறியதாகவும் சொல்கிறான்.

---

கோவை கருவிப் பழுது

உங்கள் மகனுக்கு என் பாராட்டு. இரண்டு பேட்டரிகளுக்கும் வந்திருப்பவை இரண்டு வெவ்வேறு நோய்கள்.

முதல் பேட்டரியில் ஐந்தாவது செல் மட்டும் பின்தங்கிவிட்டது. உள்ளே இருக்கும் மின்பலகை (சர்க்யூட் போர்டு) ஒவ்வொரு செல்லையும் கவனித்துக்கொண்டிருக்கும் வகையாக இருந்தால், இவ்வளவு ஏற்றத்தாழ்வைக் கண்டவுடன் சார்ஜரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடும். நீங்கள் பார்த்த சிவப்பு-பச்சை மின்னல் அதுதான். அப்படி மறுப்பது பழுது அல்ல, பாதுகாப்பு. மறுக்காமல் ஏற்றியிருந்தால் மற்ற நான்கு செல்களும் 4.2 வோல்ட்டைத் தாண்டிப் போயிருக்கும், அங்கேதான் தீப்பிடிக்கும் ஆபத்து தொடங்குகிறது.

ஒரு செல் மட்டும் பின்தங்க இரண்டு காரணங்கள் உண்டு. சில பேட்டரிகளில் அந்த மின்பலகையே தனக்கு வேண்டிய மின்சாரத்தை ஐந்து செல்களிடமிருந்தும் சமமாக எடுக்காமல் ஒரே செல்லிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. மிகச் சிறிய அளவுதான் என்றாலும், இரவும் பகலும் மாதக் கணக்கில் எடுத்தால் அந்தச் செல் மட்டும் மெலிந்துபோகும். செல்களைச் சமன்செய்யும் ஏற்பாடு இல்லாத பேட்டரிகளில் இந்த வேறுபாடு தானாகச் சரியாவதில்லை. இது காரணமாக இருந்தால் செல் நல்ல செல்தான், பட்டினி கிடக்கிறது, அவ்வளவே. மற்றொரு காரணம், செல்லுக்குள்ளேயே கசிவு ஏற்பட்டுத் தானாக இறங்குவது. அதற்கு மருந்து இல்லை.

எது என்று கண்டுபிடிக்க ஒரே வழி, அந்தச் செல்லை மட்டும் மெதுவாக ஏற்றிவிட்டுக் காத்திருப்பதுதான். மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் கட்டுப்படுத்தக்கூடிய மேசை மின்வழங்கி வைத்திருக்கும் பழுதுக்கடைக்காரரிடம் கொடுத்து, 4.0 வோல்ட் உச்சமும் 0.2 ஆம்பியர் வரம்பும் வைத்து ஏற்றச் சொல்லுங்கள். எட்டு மணி நேரம் போல ஆகும். ஏற்றும்போது செல் சூடானால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும். பிறகு மின்பலகையின் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் பத்து நாள் சும்மா வைத்து மீண்டும் அளந்து பாருங்கள். ஓரிரு நூறில் ஒரு பங்கு வோல்ட் இறங்குவது இயல்பு. பத்தில் ஒரு பங்கு வோல்ட் இறங்கினால் அந்தச் செல்லை நம்பக் கூடாது. நல்ல பேட்டரி ஒன்றைக் கம்பியால் இணைத்து இறந்த பேட்டரியை "உசுப்பிவிடும்" காணொளிகள் நிறைய உலவுகின்றன. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அங்கே மின்னோட்டத்துக்கு வரம்பே கிடையாது.

இரண்டாவது பேட்டரிக்கு வந்திருப்பது முதுமை. செல்லுக்குள் இருக்கும் மின்தடை, புதிதாக இருக்கும்போது ஏறக்குறைய 20 மில்லி ஓம். ஐந்துக்கும் சேர்த்து 0.1 ஓம். ஹோல் சா இழுக்கும் மின்னோட்டத்தை 25 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் 2.5 வோல்ட் உள்ளேயே விழுந்துவிடும்; புதிய பேட்டரி அதைத் தாங்கும். வயதாகி மின்தடை இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டால் விழுவது ஐந்தாறு வோல்ட் ஆகிறது. 20.8 வோல்ட் 15க்குக் கீழே இறங்குகிறது, பேட்டரி காலியாகிவிட்டது என்று தவறாக எண்ணிக் கருவி நின்றுவிடுகிறது. ஸ்க்ரூ முடுக்க ஐந்தாறு ஆம்பியர் போதும் என்பதால் அங்கே இந்த நோய் தெரிவதில்லை. அதைத் தூக்கி எறிய வேண்டாம், இலகுவான வேலைக்கு இன்னும் ஓராண்டுகூட உழைக்கலாம்.

சிறிய பேட்டரியில் கனமான வேலை செய்ததும் இந்த முதுமைக்கு ஒரு காரணம். 4 அல்லது 5 ஆம்பியர்-மணி பேட்டரியில் பெரும்பாலும் பத்து செல்கள் இரண்டிரண்டாக இணைந்திருக்கும். அதே 25 ஆம்பியரை இரண்டு செல்கள் பங்கிட்டுக்கொள்வதால் ஒவ்வொன்றின் வழியாகவும் பாதிதான் செல்கிறது. வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் ஒவ்வொரு செல்லிலும் பிறக்கும் சூடு கால் பங்காகக் குறைகிறது. பெரிய பேட்டரி அதிக நேரம் ஓடும் என்பதை மட்டும் கடைக்காரர் சொல்வார். அதிக நாள் வாழவும் செய்யும் என்பதை யாரும் சொல்வதில்லை.

---

வேதியியல் ஆசிரியை

மேலே சொல்லப்பட்ட கணக்குகள் அனைத்தும் சரியே. அந்த முதுமை ஏன் 14 மாதங்களிலேயே வந்தது என்பதை மட்டும் நான் சேர்க்கிறேன், ஏனெனில் கேட்பவர் தம் தவறு என்ன என்றும் கேட்டிருக்கிறார்.

பேட்டரியை முற்றிலும் தீர்த்த பிறகே ஏற்ற வேண்டும் என்பது நிக்கல்-காட்மியம் பேட்டரிகளின் காலத்து அறிவுரை. அரைகுறையாகத் தீர்த்து மீண்டும் மீண்டும் ஏற்றினால் அந்தப் பேட்டரிகள் "அவ்வளவுதான் தேவை" என்று நினைவில் வைத்துக்கொள்வது போல நடந்துகொள்ளும் என்று சொல்லப்பட்டது. அதையே நினைவு விளைவு என்றார்கள். லித்தியம் அயன் பேட்டரிக்கு அந்த விதி பொருந்தாது என்பது மட்டுமல்ல, நேர் எதிராகவும் அமைகிறது. செல்லின் எதிர்மின் முனையில் இருக்கும் கிராஃபைட் பூச்சு ஒரு மெல்லிய செப்புத் தகட்டின் மேல் படிந்திருக்கிறது. செல்லை மிக ஆழமாக, ஏறக்குறைய 2 வோல்ட்டுக்கும் கீழே தீர்த்தால் அந்தச் செம்பு கரையத் தொடங்கும். மறுபடி ஏற்றும்போது கரைந்த செம்பு வேறிடத்தில் படிந்து, உள்ளுக்குள்ளேயே இரு முனைகளையும் இணைக்கும் பாலமாகிவிடலாம். கருவி 15 வோல்ட் அளவிலேயே நின்றுவிடுவதால் எல்லாச் செல்களும் சமமாக இருக்கும்வரை ஆபத்தில்லை. ஆனால் ஒரு செல் பின்தங்கியிருந்தால், மற்ற நான்கும் மொத்தக் கணக்கைத் தாங்கிப் பிடிக்க, அந்த ஒன்று மட்டும் பாதாளம் வரை இறங்கும். முதல் பேட்டரியில் நடந்திருப்பது இதுவாக இருக்கலாம். மாலை தோறும் கருவியை வெறுமனே ஓடவிட்ட அந்தச் சில நிமிடங்கள்தான் பலவீனமான செல்லுக்கு அன்றைய நாளிலேயே மிகக் கொடுமையானவை.

இனி கூரை. லித்தியம் அயன் செல் முதன்முதலாக ஏற்றப்படும்போதே கிராஃபைட்டின் மேல் ஒரு மெல்லிய படலம் உருவாகிறது. அது இல்லாவிட்டால் செல்லே இயங்காது. துன்பம் என்னவென்றால் அந்தப் படலம் வளர்வதை நிறுத்துவதே இல்லை. பேட்டரியைத் தொடாமல் வைத்திருந்தாலும் அது வளர்ந்து, பயன்படும் லித்தியத்தை விழுங்கி, அயனிகளின் பாதையை அடைத்துக்கொண்டே போகிறது. கொள்ளளவு குறைவதும் மின்தடை கூடுவதும் பெருமளவு இதனால்தான். வெப்பம் 10 டிகிரி கூடும்போது வேதிவினைகளின் வேகம் தோராயமாக இரு மடங்காகும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்போம்; துல்லியமான விதி அல்ல என்றாலும் இங்கே வழிகாட்டியாகக் கொள்ளலாம். அதோடு, செல் எவ்வளவு நிறைந்திருக்கிறதோ அவ்வளவு வேகமாக இந்தத் தேய்மானமும் நடக்கிறது. நிறைந்த பேட்டரி, வெயிலில் காய்ந்த தகரத்தின் கீழ், நாள் கணக்கில்: படலம் வளர இதைவிட நல்ல சூழலை ஆய்வகத்தில்கூட அமைத்துத் தர முடியாது.

எனவே பல வாரங்கள் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பாதி ஏறிய நிலையில், வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில், தரையோடு ஒட்டிய தட்டில் வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமே என்று என் மாணவர்கள் கேட்பதுண்டு. வெளியே எடுத்தவுடன் நம் ஊர்க் காற்றின் ஈரம் மின்பலகையின் மேல் வியர்த்துவிடும் என்பதால் நான் பரிந்துரைப்பதில்லை. வேலை முடிந்து கைக்குச் சுடும் பேட்டரியை உடனே சார்ஜரில் செருகாமல் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். நல்ல சார்ஜர்கள் தாமாகவே அந்தச் சூடு தணியும்வரை காத்திருக்கும்.

புதிது வாங்கினால் தயாரிப்பு தேதியைப் பாருங்கள். பேட்டரியின் வயது நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல, அது ஆலையிலிருந்து வெளிவந்த நாளிலிருந்து தொடங்குகிறது.

---

மதுரை எலக்ட்ரீஷியன்

தம்பி, உங்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவரைக் குறை சொல்ல மாட்டேன், நானும் அப்படித்தான் பலருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நான் முதலில் வைத்திருந்தது 12 வோல்ட் நிக்கல்-காட்மியம் டிரில். செங்கல் போலக் கனக்கும். பெட்டியில் போட்டு மாதம் கழித்து எடுத்தால் தானாகவே பாதி இறங்கியிருக்கும். ஆனால் எவ்வளவு அடித்தாலும் தாங்கியது, காலியாகக் கிடந்தாலும் சாகவில்லை. காட்மியம் நச்சு என்பதால் ஐரோப்பிய ஒன்றியத்தில் மற்ற கையடக்கப் பொருள்களில் அதை முன்பே தடுத்தபோதும், கம்பியில்லாக் கருவிகளுக்கு மட்டும் 2016 முடியும்வரை விலக்கு கொடுத்திருந்தார்கள் என்றால் அதன் முரட்டுத்தனத்துக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்று பாருங்கள்.

ஆசிரியை அம்மா சொன்னதில் ஒன்றை மட்டும் வேலைக்காரன் கண்ணோடு திருத்திக்கொள்ள அனுமதி வேண்டும். பாதி ஏற்றி வை என்பது சும்மா கிடக்கும் பேட்டரிக்குத்தான் பொருந்தும். காலையில் மூன்றாம் மாடிக்கு ஏறிப்போகிறவன் பாதிப் பேட்டரியோடு ஏற முடியாது. வேலைநாளில் முழுதாக ஏற்றத்தான் வேண்டும். இரவு முழுவதும் செருகி வைக்காமல், காலையில் எழுந்ததும் செருகினால் புறப்படும் நேரத்துக்குள் ஏறிவிடும். நிறைந்த நிலையில் அது காத்துக் கிடக்கும் நேரமும் குறைகிறது, விடியற்காலைக் குளிர்ச்சியும் கிடைக்கிறது. நான் செய்வது இதுதான்.

கம்பியில்லா டிரிலா, கம்பி போட்ட டிரிலா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் ஏன் வந்தது? பட்டறை மேசைக்குப் பக்கத்தில் பிளக் இருக்கும்போது ஹோல் சாவைப் பேட்டரியில் ஓட்டுவது வீண். கதவுகளைப் பட்டறையிலேயே துளைத்துவிட முடியுமானால் கம்பி போட்ட டிரிலில் துளையுங்கள். காங்கிரீட்டில் ஆணிக்குத் துளை போடுவதற்கும் அதுவே. ஏணி மேல் நிற்கும்போதும், மின்இணைப்பு இன்னும் வராத புது வீட்டிலும், அலமாரிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு கீல் முடுக்கும்போதும் பேட்டரிக் கருவிக்கு ஈடு கிடையாது. என் பேட்டரிகள் ஐந்தாம் ஆண்டிலும் ஓடுகின்றன, அவற்றிடம் நான் கனமான வேலை கேட்பதே இல்லை. 2 ஆம்பியர்-மணி பேட்டரியை ஆங்கிள் கிரைண்டரில் மாட்டி ஓட்டும் பையன்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அடுத்த கருவி வாங்கும்போது பிரஷ் (மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகும் கரித்துண்டு) இல்லாத மோட்டார் உள்ளதாகப் பாருங்கள். விலை சற்றுக் கூடுதல்தான், ஆனால் அதே துளைக்குக் குறைவான மின்சாரம் எடுக்கும்.

---

உதகைத் தச்சர்

வெப்பத்தைப் பற்றியே எல்லோரும் எழுதுவதால் எங்கள் மலையின் கதையையும் இரண்டு வரியில் சேர்க்கிறேன். டிசம்பர், ஜனவரி மாதங்களில் இங்கே விடியற்காலையில் புல்லின் மேல் உறைபனி படியும். பூஜ்ஜியத்துக்கு அருகே வெப்பநிலை இறங்கும் நாள்களில் கொட்டகையில் கிடந்த பேட்டரியை அப்படியே சார்ஜரில் செருகக் கூடாது. அந்தக் குளிரில் லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாமல் அதன் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும் என்றும், அது திரும்பி வராத இழப்பு என்றும் எனக்கு ஒரு பொறியாளர் விளக்கினார். குளிரில் வேலை செய்வதால் கெடுதல் இல்லை, சற்று மந்தமாக ஓடும், அவ்வளவுதான். ஏற்றுவதுதான் கூடாது. நான் இரவில் பேட்டரிகளை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுகிறேன். கீழே திருச்சியில் இருப்பவர் இதைப் படித்துப் பொறாமைப்படுவார் என்று நினைக்கிறேன்.

---

திருச்சி மரவேலை

பொறாமைதான் ஐயா. இங்கே இன்று காலை ஒன்பது மணிக்கே தகரம் சுட்டது.

ஆசிரியை அம்மா சொன்னதைப் படித்த பிறகு மாலையில் பேட்டரியைத் தீர்க்கும் பழக்கத்தை நேற்றே நிறுத்திவிட்டேன். மதுரை அண்ணன் சொன்னபடி மேசைக்குக் கம்பி போட்ட டிரில் ஒன்றைத் தனியாக வைத்துவிடப் போகிறேன். ஐந்தாவது செல்லைத் தெரிந்த ஒரு பழுதுக்கடையில் மெதுவாக ஏற்றச் சொல்லியிருக்கிறேன். அது தேறாவிட்டால் செல் மாற்றும் கடைக்குப் போகலாமா என்பதை மட்டும் கோவை ஐயா தெளிவுபடுத்த வேண்டும்.

---

கோவை கருவிப் பழுது

செல் மாற்றுவதும் என் தொழில்களில் ஒன்று, ஆகவே அதற்கு எதிராக நான் பேச மாட்டேன் என்று நினைப்பீர்கள். ஆனால் மூன்றில் ஒரு பங்கு விலைக்கு ஐந்து நல்ல செல்களை வாங்கிப் போட்டுக் கூலியும் எடுப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

18650 செல்களில் இரண்டு குலங்கள் உண்டு. மடிக்கணினிக்கும் பவர் பேங்குக்கும் போடுவது நிறையச் சேமிக்கும், மெதுவாகவே கொடுக்கும். கருவிக்குப் போடுவது சற்றுக் குறைவாகச் சேமிக்கும், ஆனால் 20 ஆம்பியரும் அதற்கு மேலும் தொடர்ந்து கொடுக்கும். முதல் வகையை டிரிலுக்குள் போட்டால் அளவு சரியாகப் பொருந்தும், மீட்டரும் 21 வோல்ட் காட்டும், ஹோல் சா மாட்டியவுடன் உங்கள் இரண்டாவது பேட்டரியின் நிலைமைதான். அதைவிட மோசமானவை போலிகள். 18650 அளவில் பரவலாகக் கிடைக்கும் நல்ல செல்களின் உயர்ந்த கொள்ளளவே ஏறக்குறைய 3,500 மில்லி ஆம்பியர்-மணிதான். 9,900 என்று அச்சடித்து விற்கப்படும் செல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். நல்ல செல் 45 கிராம் போல இருக்கும், இது இறகு போல இருக்கும்.

கடைக்காரரிடம் என்ன தயாரிப்பு, என்ன மாதிரி எண், தொடர்ந்து எத்தனை ஆம்பியர் கொடுக்கும் என்று கேளுங்கள். தயங்காமல் பதில் சொன்னால் பாதி நம்பலாம். ஐந்தையும் ஒரே தொகுதியிலிருந்து மாற்ற வேண்டும். கெட்டுப்போன ஒன்றை மட்டும் மாற்றினால் புதியதும் பழையதும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் மீண்டும் அதே ஏற்றத்தாழ்வில் வந்து நிற்கும். இணைப்பு ஸ்பாட் வெல்டிங்கில்தான் (பட்டையைச் செல்லோடு நொடிப்பொழுதில் புள்ளி புள்ளியாக உருக்கி ஒட்டும் முறை) செய்யப்பட வேண்டும். ஈயம் வைத்துப் பற்றவைக்கும் சூடு செல்லின் உள்ளுறுப்புகளைக் கெடுத்துவிடும். இவ்வளவும் சரியாகச் செய்த பிறகும், சில நிறுவனங்களின் மின்பலகைகள் பழைய பழுதை நினைவில் வைத்துக்கொண்டு புதுச் செல்களையும் மறுத்துவிடுகின்றன. அப்படி ஒரு பேட்டரியோடு நானே இரண்டு நாள் போராடித் தோற்று, வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். உங்களுடையது சிறிய பேட்டரி. அதே தொகையோடு கொஞ்சம் சேர்த்து 4 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றை அதே நிறுவனத்திடமே வாங்குவது மேல்.

வேறு நிறுவனத்தின் பேட்டரியை மாட்ட உதவும் இணைப்பான்கள் மலிவாகக் கிடைக்கின்றன என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். சில நிறுவனங்களில் காலியானால் நிறுத்தும் ஏற்பாடு பேட்டரிக்குள் இல்லாமல் கருவிக்குள் இருக்கிறது. அத்தகைய பேட்டரியை வேறு கருவியில் மாட்டினால் நிறுத்துவதற்கு யாரும் இல்லை, செம்பு கரையும் ஆழம் வரை போய்விடும்.

இறந்த பேட்டரியைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அங்கே சுத்தியலால் உடைப்பார்கள், உடைத்தால் எரியும். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, தாம் சந்தைப்படுத்திய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு நிறுவனங்களுக்கே உரியது. முனைகளின் மேல் இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, சேவை மையத்தில் கொடுத்துவிடுங்கள்.

---

திருச்சி மரவேலை

இரண்டு வாரம் கழித்து முடிவைத் தெரிவிக்கிறேன், இதே சிக்கலோடு வருபவர்களுக்குப் பயன்படலாம்.

ஐந்தாவது செல்லை 4.00 வோல்ட் வரை ஏற்றி, மின்பலகையின் இணைப்பைத் துண்டித்து, வீட்டில் வைத்துப் பத்தாம் நாள் அளந்தோம். மற்ற நான்கு செல்களும் 0.01 வோல்ட் மட்டுமே இறங்கியிருந்தன. ஐந்தாவது 3.87இல் இருந்தது. செல்லுக்குள்ளேயே கசிவு என்று பழுதுக்கடைக்காரரும் சொல்லிவிட்டார். முனைகளுக்கு டேப் ஒட்டி எடுத்துக்கொண்டு போனபோது வாங்கிய கடையில் ஏற்க மறுத்தார்கள். நிறுவனத்தின் சேவை மையத்தில் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்கள்.

4 ஆம்பியர்-மணி பேட்டரி வாங்கினேன். கடையில் முதலில் எடுத்துக் கொடுத்ததன் அடியில் இருந்த தேதியைப் பார்த்தால் இரண்டு ஆண்டுக்கு முந்தையது. வேறு கேட்டதும் உள்ளே போய்த் தேடி நான்கு மாதத்துக்கு முந்தையதைக் கொண்டுவந்தார்கள். பழைய இரண்டாவது பேட்டரி இப்போது ஸ்க்ரூ முடுக்குவதற்கு மட்டும்.

சார்ஜரை வீட்டு நடைக்கு மாற்றிவிட்டேன். அது இருந்த பட்டறைப் பலகையின் மேல் ஓர் ஆர்வத்துக்காக வெப்பமானி ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறேன். நேற்று பிற்பகல் மூன்று மணிக்கு 47 டிகிரி காட்டியது. என் மகன் தினமும் எழுதி வைக்கிறான்.